எட்டுச் செருகுவாய்களின் இலக்கணம்: ஆப்பிள் 2 கணினியில் இடப்பங்கீடும் மரபும்

1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் ஃபேர் கண்காட்சியில் ஆப்பிள் 2 அறிமுகமானது. அதன் மேல்மூடியைத் திருப்புளி இல்லாமல் கையாலேயே கழற்றலாம். திறந்தால் தாய்ப்பலகையின் பின்விளிம்பில் ஐம்பது முனைகள் கொண்ட எட்டுச் செருகுவாய்கள் வரிசையாகத் தெரியும். அவற்றுக்கு 0 முதல் 7 வரை எண்கள் இடப்பட்டிருந்தன. ஆங்கிலத்தில் 'ஸ்லாட்' எனப்படும் இந்தச் செருகுவாய்களில் கூடுதல் மின்சுற்று அட்டைகளைப் பொருத்தி, இயந்திரம் பிறந்தபோது அதற்கு இல்லாத திறன்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆப்பிள் 2இன் வரலாறு பெரும்பாலும் அதன் வண்ணத் திரை, 1979இல் வந்த விசிகால்க் விரிதாள் நிரல், நிறுவனத்தின் வளர்ச்சி ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இந்த எட்டுச் செருகுவாய்களுக்குத் தனி வரலாறு உண்டு. எந்த அட்டை எங்கே அமர்வது, இடம் போதாதபோது எது விலகுவது, எந்தத் திறன் விருந்தினராக வந்து பின்னர் வீட்டு உறுப்பினராவது என்னும் கேள்விகளுக்குப் பதினாறு ஆண்டுகள் விடை தேடப்பட்டது. தயாரிப்பாளர், அட்டை செய்த சிறு நிறுவனங்கள், நிரல் எழுதியோர், பயனர் ஆகிய நால்வரும் சேர்ந்தே அந்த விடைகளை உருவாக்கினர். வழக்கு முன்னே தோன்றி, விதி பின்னே எழுதப்பட்ட இம்முறை மொழி மாணவர்களுக்குப் பழக்கமானது.

செருகுவாய்களின் எண்ணிக்கையே ஒரு கருத்து வேறுபாட்டின் விளைவு. வடிவமைப்பாளர் ஸ்டீவ் வோஸ்னியாக் எட்டு வேண்டும் என்றார். அச்சுப்பொறிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என இரண்டே போதும் என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் நிலைப்பாடு. வோஸ்னியாக் இதைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஜாப்ஸின் கணக்கு, பயனருக்கு என்னென்ன தேவைப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்துவிட முடியும் என்ற நம்பிக்கையின் மேல் நின்றது. மினி கணினிகளின் வடிவமைப்பை இளமையிலேயே கற்றிருந்த வோஸ்னியாக்குக்கு அந்த நம்பிக்கை இல்லை. எட்டே வென்றது. ஆனால் அந்த எட்டும் சில ஆண்டுகளில் போதாமற்போகும் என்பதை 1977இல் எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

செருகுவாய்களின் உள்ளமைப்பு தனியே கவனிக்கத்தக்கது. 1975இல் வந்த ஆல்டேர் கணினியிலிருந்து தோன்றிய எஸ்-100 மரபில், ஓர் அட்டையை எந்தச் செருகுவாயிலும் பொருத்தலாம். ஆனால் அந்த அட்டையின் முகவரியை அதன்மேலுள்ள சிறு விசைகளையோ கம்பி இணைப்புகளையோ கொண்டு பயனரே அமைக்க வேண்டும். இரண்டு அட்டைகளுக்கு ஒரே முகவரி அமைந்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். வோஸ்னியாக் இச்சுமையை அட்டையிலிருந்து இடத்துக்கு மாற்றினார். ஆப்பிள் 2இல் செருகுவாயின் எண்ணே அட்டையின் முகவரி. 1 முதல் 7 வரையுள்ள செருகுவாய் ஒவ்வொன்றுக்கும் நினைவகப் பரப்பில் 256 பைட் கொண்ட ஒரு 'பக்கம்' ஒதுக்கப்பட்டது. செருகுவாயின் எண்ணை 256ஆல் பெருக்கி 49,152உடன் கூட்டினால் அந்தப் பக்கத்தின் தொடக்கம் கிடைக்கும். 6ஆம் செருகுவாயின் பக்கம் 50,688இல் தொடங்குகிறது. இதுதவிர, சாதனத்தைக் கட்டுப்படுத்தத் தலா 16 முகவரிகள் எட்டுச் செருகுவாய்களுக்கும் கிடைத்தன.

இந்த வேறுபாட்டை மொழியியல் வழியாக எளிதில் விளக்கலாம். 'புலி மானைக் கண்டது', 'மானைப் புலி கண்டது' என்னும் இரு தொடர்களிலும் கண்டது புலியே. சொற்கள் இடம் மாறினாலும் வேற்றுமை உருபு பொருளைக் காக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இரு பெயர்களையும் இடம் மாற்றினால் பொருளே மாறிவிடும், ஏனெனில் அங்கே சொல்லின் பணியை அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. எஸ்-100 அட்டை தன் உருபைத் தன்மேலேயே சுமந்து சென்றது. ஆப்பிள் 2 அட்டைக்கு அது அமர்ந்த இடமே உருபாயிற்று. அதனால் பயனரின் வேலை எளிதானது. அதே காரணத்தால் இடத்தின் மதிப்பும் கூடியது.

ஒவ்வொரு பக்கமும் 256 பைட் மட்டுமே ஆதலால், அட்டையில் இருக்கும் நிரலுக்கு அது பெரும்பாலும் போதவில்லை. இதற்காக 51,200 முதல் 53,247 வரை இரண்டு கிலோபைட் பரப்பு எல்லா அட்டைகளுக்கும் பொதுவாக ஒதுக்கப்பட்டது. ஊர்ப்பொதுச் சாவடியைப் போல, ஒரு நேரத்தில் ஓர் அட்டை மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். அதன் கடைசி முகவரியான 53,247ஐத் தொட்டால், அப்போது சாவடியில் இருக்கும் அட்டை வெளியேற வேண்டும். அதன்பின் வேறோர் அட்டை உள்ளே வரும். இந்த ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு ஒவ்வோர் அட்டையின் வடிவமைப்பாளரிடமும் விடப்பட்டிருந்தது. முன்பு இருந்தவர் வெளியேறாமல் புதியவர் நுழைந்தால் இரண்டு அட்டைகள் ஒரே நேரத்தில் பேசும். தனித்தனியே ஒழுங்காக இயங்கிய அட்டைகள் சேர்ந்து இருக்கும்போது மட்டும் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

0ஆம் செருகுவாயின் நிலை வேறு. கணக்குப்படி அதற்குச் சேர வேண்டிய பக்கம் விசைப்பலகை, ஒலிபெருக்கி முதலிய உள்ளுறுப்புகளுக்குப் போய்விட்டது. தனக்கென ஒரு பக்கம் இல்லாததால், அச்சுப்பொறி அட்டை போல நிரல் சுமந்துவரும் அட்டைகளுக்கு அது பொருந்தவில்லை. நினைவகத்தை விரிவாக்கும் அட்டைகளே அங்கு அமர்ந்தன. அவற்றுள் புகழ்பெற்றது 1979இல் பாஸ்கல் நிரல்மொழியுடன் வந்த 'லாங்குவேஜ் கார்டு', அதாவது மொழி அட்டை. 16 கிலோபைட் நினைவகத்தைச் சேர்த்து, 48 கிலோபைட் இயந்திரத்தை 64 கிலோபைட் இயந்திரமாக மாற்றியது அது. அந்த அட்டையின் பெயரில் உள்ள 'மொழி' என்பது பேசிக், பாஸ்கல் போன்ற நிரல்மொழிகளை மட்டுமே குறித்தது. மனிதர் எழுதும் மொழியின் இடம் வேறொரு செருகுவாயில் இருந்தது.

மற்ற ஏழில் எதை எங்கே வைப்பது என்று வன்பொருள் பெரும்பாலும் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் மூன்று நான்கு ஆண்டுகளில் ஓர் ஒழுங்கு உறுதிப்பட்டது. அச்சுப்பொறி 1இல், மோடம் 2இல், ஒரு வரிக்கு எண்பது எழுத்துகள் காட்டும் திரை அட்டை 3இல், நெகிழ்வட்டு இயக்ககம் 6இல் அமர்ந்தன. பேசிக் மொழியில் 'பிஆர்#1' என்று தட்டினால் வெளியீடு அச்சுப்பொறிக்குச் செல்லும். 'பிஆர்#6' என்று தட்டினால் வட்டிலிருந்து கணினி தொடங்கும். நிரல் நூல்களும் கையேடுகளும் இந்த எண்களையே திரும்பத் திரும்ப எழுதின. வணிக நிரல்கள் சில, அச்சுப்பொறி 1இல்தான் இருக்கும் என்று கொண்டே எழுதப்பட்டன. ஆப்பிள் பாஸ்கல் இதை இன்னும் இறுக்கி, அச்சுப்பொறிக்கு 1, தொலைத்தொடர்புக்கு 2, திரைக்கு 3, வட்டுகளுக்கு 4, 5, 6 என்று வரையறுத்துவிட்டது. வழக்காக இருந்தது அவ்விடத்தில் விதியாயிற்று.

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூல் பகுப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். அந்தப் பகுப்பு செருகுவாய் எண்களுக்கும் பொருந்துகிறது. 0இல் நினைவக அட்டை அமர்ந்ததற்கு முகவரி அமைப்பு காரணம். ஐரோப்பாவில் பால் தொலைக்காட்சி முறைக்கான வண்ண அட்டை 7இல் அமர்ந்ததற்கும் காரணம் உண்டு, ஏனெனில் வண்ணக் குறிப்பலையும் ஒத்திசைவுக் குறிப்பும் அந்த ஒரு செருகுவாய்க்கு மட்டுமே தரப்பட்டிருந்தன. அச்சுப்பொறிக்கு 1 என்பதோ முழு இடுகுறி. அதை 2இல் வைத்தாலும் மின்சுற்றுக்கு வேறுபாடு இல்லை. வட்டுக்கு 6 என்பது இரண்டுக்கும் இடைப்பட்டது. 1979இல் ஆப்பிள் 2 பிளஸுடன் வந்த ஆட்டோஸ்டார்ட் ரோம், கணினியை இயக்கியவுடன் 7இலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு செருகுவாயாகத் தேடி, முதலில் தென்படும் வட்டு அட்டையிலிருந்து தொடங்கும். எனவே உயர்ந்த எண்ணுக்கு முன்னுரிமை இருந்தது. பின்னாளில் வன்வட்டு வாங்கியவர்கள் அதன் அட்டையை 7இல் வைத்ததும் இதனால்தான். பழைய நெகிழ்வட்டை 6இலிருந்து அசைக்காமலேயே, புதியதற்கு முதலிடம் கிடைத்துவிடும்.

இடநெருக்கடி 1980களின் தொடக்கத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. ஆப்பிள் 2 பிளஸ் கணினியில் கட்டுரையோ ஆய்வேடோ எழுத விரும்பிய ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய கணினி ஒரு வரிக்கு நாற்பது எழுத்துகளை மட்டுமே காட்டும். அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே. சிறிய எழுத்துகள் அந்த இயந்திரத்தில் இல்லை. வேர்ட்ஸ்டார் என்னும் எழுத்துச் செயலி வேண்டுமானால் சிபி/எம் இயக்கமுறைமை வேண்டும். அதற்கு இசட்80 செயலி வேண்டும், ஆப்பிள் 2இல் இருந்ததோ 6502. இந்த இடைவெளியை 1980இல் மைக்ரோசாஃப்டின் சாஃப்ட்கார்டு நிரப்பியது. அது பெரும்பாலும் 4இல் அமர்ந்தது. எண்பது எழுத்து வரிக்கும் சிறிய எழுத்துகளுக்கும் விடெக்ஸ் நிறுவனத்தின் விடியோடெர்ம் போன்ற அட்டை 3இல் வேண்டும். கூடுதல் நினைவகம் 0இல். அச்சுப்பொறி 1இல், மோடம் 2இல், வட்டு 6இல். ஒரு வட்டு அட்டை இரண்டு இயக்ககங்களையே தாங்கும் என்பதால், மூன்றாவது இயக்ககம் வாங்கியவருக்கு 5உம் நிரம்பியது. எஞ்சியது 7 மட்டுமே. அதற்குக் கடிகார அட்டையும் வன்வட்டும் இசை அட்டையும் போட்டியிட்டன.

போட்டியைத் தீர்க்கப் பல வழிகள் கையாளப்பட்டன. மிக எளியது, தேவைக்கேற்ப அட்டையைக் கழற்றி வேறொன்றைச் செருகுவது. ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். மறந்தால் அட்டையோ தாய்ப்பலகையோ கெடும். அடுத்தது, பல பணிகளை ஓரட்டையில் சேர்ப்பது. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அச்சுப்பொறிப் பணியும் மோடப் பணியும் கடிகாரமும் ஒரே அட்டையில் இருந்தால், 1இல் அச்சுப்பொறியையும் 2இல் மோடத்தையும் தேடும் நிரல்கள் அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கும்? மவுண்டன் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் சிபிஎஸ் அட்டை இதற்கு 'பேய்ச் செருகுவாய்' என்று பொருள்படும் ஓர் உத்தியைக் கையாண்டது. ஓரிடத்தில் உட்கார்ந்த அட்டை, தான் இல்லாத இடத்தின் முகவரிக்கும் மறுமொழி தந்தது. அதே நிறுவனம் மேலும் எட்டுச் செருகுவாய்கள் கொண்ட தனிப் பெட்டியையும் விற்றது. கணினியின் முகவரிப் பரப்பு விரியாததால், உள்ளிருக்கும் வரிசையா வெளியிலிருக்கும் வரிசையா என்பதை அவ்வப்போது தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

செருகுவாயைத் தொடாமலேயே வேலையை முடிக்கும் வழிகளும் தோன்றின. விசைப்பலகையின் ஷிஃப்ட் விசையிலிருந்து ஒரு கம்பியை விளையாட்டுப் பிடி இணைக்கும் துளைக்கு இழுத்து, எழுத்துச் செயலிகள் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தி அறியச் செய்தனர் பயனர்கள். டல்லஸ் செமிகண்டக்டரின் சிறு கடிகாரச் சில்லு ஒன்று, தாய்ப்பலகையிலிருந்த ரோம் சில்லைத் தூக்கி அதன் அடியில் வைக்கத்தக்கதாக இருந்தது. அது 'செருகுவாய் வேண்டாக் கடிகாரம்' என்று பொருள்படும் பெயரிலேயே விற்கப்பட்டது. பற்றாக்குறை எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

எண்ணிக்கை தவிர வேறு எல்லைகளும் இருந்தன. எட்டுச் செருகுவாய்கள் இருந்தாலும், எல்லா அட்டைகளும் சேர்ந்து 5 வோல்ட் தடத்திலிருந்து 500 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது என்றது ஆப்பிளின் கையேடு. பெட்டிக்குள் காற்றாடி இல்லை. நிரம்பிய இயந்திரம் சூடேறியது. பெட்டியின் பக்கவாட்டில் மாட்டும் காற்றாடிகளுக்குத் தனிச் சந்தையே உருவாயிற்று. குறுக்கீட்டுக் குறிப்புகளின் முன்னுரிமை ஓர் அட்டையிலிருந்து அடுத்த அட்டைக்குச் சங்கிலியாகச் சென்றதால், அவ்வசதியை நம்பும் அட்டைகளுக்கிடையே ஒரு செருகுவாய் காலியாக இருந்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

தயாரிப்பாளர் இந்த வழக்குகளைக் கவனித்தே வந்தார். 1983 ஜனவரியில் வந்த ஆப்பிள் 2ஈ, பயனர் எதையெல்லாம் செருகினார்களோ அவற்றுள் சிலவற்றைத் தாய்ப்பலகைக்குள் எடுத்துக்கொண்டது. மொழி அட்டையின் 16 கிலோபைட் உள்ளே சேர்ந்தது, 0ஆம் செருகுவாய் மறைந்தது. சிறிய எழுத்துகள் இயல்பாயின. எண்பது எழுத்து வரிக்கென 60 முனைகள் கொண்ட தனித் துணைச் செருகுவாய் ஒன்று சேர்க்கப்பட்டது. அதில் அட்டை அமர்ந்தால், மரபுப்படி 3ஆம் செருகுவாய்க்குரிய பக்கத்தை உள்ளிருக்கும் நிரல் எடுத்துக்கொள்ளும். 3இல் ஓர் அட்டையைச் செருக முடியும், ஆனால் அதன் நிரல் வெளியே தெரியாது. வழக்கு வன்பொருளாகிவிட்டதால் ஒரு செருகுவாய் பாதி மதிப்பை இழந்தது.

1984 ஏப்ரலில் வந்த ஆப்பிள் 2சி இந்த வரலாற்றின் முக்கியமான சான்று. அது கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு இயந்திரம். அதில் ஒரு செருகுவாய்கூட இல்லை. ஆனால் அச்சுப்பொறித் துளை 1 என்றும், மோடத் துளை 2 என்றும், எண்பது எழுத்துத் திரை 3 என்றும், சுட்டி 4 என்றும், உள்ளிருக்கும் வட்டு 6 என்றும் நிரல்களுக்குக் காட்டப்பட்டன. 'பிஆர்#6' அங்கும் வட்டையே தொடங்கியது. புரோடாஸ் இயக்கமுறைமை, கூடுதல் நினைவகத்தைக்கொண்டு அமைத்த மெய்நிகர் வட்டை 3ஆம் செருகுவாயின் 2ஆம் இயக்ககம் என்று பதிவு செய்தது. அவ்வாறு ஓர் இயக்ககமும் இல்லை, அவ்வாறு ஒரு செருகுவாயும் இல்லை. ஒலி மாறிப் பொருள் மறைந்த பின்னும் எழுத்துக்கூட்டலில் பழைய வடிவம் தங்கிவிடுவதை இது ஒக்கும். இத்தனை ஆயிரம் நிரல்களில் பதிந்துவிட்ட எண்களை மாற்றுவதைவிட, இல்லாத செருகுவாய்களை இருப்பதாகக் காட்டுவது மலிவாக இருந்தது.

1986இல் வந்த ஆப்பிள் 2ஜிஎஸ் அந்த முரணை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. ஏழு செருகுவாய்கள் இருந்தன. அதே ஏழு எண்களுக்கும் உள்ளிருந்த வசதிகளும் உரிமை கொண்டிருந்தன. கட்டுப்பாட்டுத் திரையில் ஒவ்வோர் எண்ணுக்கும் உள்வசதியா, 'உங்கள் அட்டை'யா என்று பயனர் தேர்ந்தெடுக்க வேண்டும். 7இல் வன்வட்டு அட்டையை வைத்தால் அந்த எண்ணைச் சார்ந்திருந்த ஆப்பிள்டாக் வலையமைப்பை இழக்க நேரும். 1989இல் வந்த திருத்தப்பட்ட இயந்திரத்தில் வலையமைப்பு 1, 2 ஆகிய எண்களுக்கு மாற்றப்பட்டது. காலியாகக் கண்ணுக்குத் தெரிந்த செருகுவாய் உண்மையில் காலியாக இல்லை. பற்றாக்குறை உலோக முனைகளில் இருந்து எண்களுக்கு இடம்பெயர்ந்திருந்தது.

இந்த வரலாற்றை ஒரு கேள்வியாகச் சுருக்கலாம்: ஒரு கணினிக்கு எது இயல்பு, எது கூடுதல்? தாய்ப்பலகையில் இருப்பதை எவரும் கேட்டுப் பெற வேண்டியதில்லை. செருகுவாயில் வருவது விலை கொடுத்து வர வேண்டும், இடத்துக்குப் போட்டியிட வேண்டும், நிரல்கள் தன்னை அறிந்திருக்கும் என்று உறுதியாக நம்பவும் முடியாது. 1977இல் வண்ண வரைபடம் இயல்பாகவும், ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகள் கூடுதலாகவும் வகுக்கப்பட்டன. அந்தப் பகுப்பு மாற ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆயின.

இதே கேள்வி இந்தியாவில் இன்னும் கூர்மையாக எழுந்தது. இங்கே களம் ஆப்பிள் 2 இல்லை, 1981இல் வந்த ஐபிஎம் பிசியும் அதன் வழிவந்தவையும். முதல் பிசியில் ஐந்து செருகுவாய்களே இருந்தன. திரை அட்டை, வட்டு அட்டை போன்ற அடிப்படைத் தேவைகளே அவற்றில் பாதியை நிரப்பிவிடும். அந்த இயந்திரத்தின் எழுத்துத் திரையில் தமிழோ தேவநாகரியோ தோன்ற வழியில்லை. கான்பூர் ஐஐடியில் உருவாகி, பின்னர் புணேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம் இதற்கு ஓர் அட்டை வடிவில் விடையளித்தது. ஜிஸ்ட் அட்டையைச் செருகியபின், ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட டாஸ் நிரல்களிலேயே இந்திய எழுத்துகளை உள்ளிடவும் காணவும் முடிந்தது. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட இஸ்கி குறிமுறைத் தரமும் இம்முயற்சிகளோடு நெருங்கிய தொடர்புடையது.

அது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. நிரலை மாற்றாமலேயே மொழியை நுழைத்த வழி அது. ஆனால் அதன் விலையையும் காண வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இயந்திரம் வாங்கியவுடன் எழுத்து கிடைத்தது. இந்திய மொழியில் எழுதுபவர் அட்டைக்குத் தனியே பணம் கொடுத்து, ஒரு செருகுவாயையும் கொடுத்த பின்னரே எழுதத் தொடங்கலாம். ஓர் அலுவலகத்தில் பத்துக் கணினிகள் இருந்து மூன்றில் மட்டும் அட்டை இருந்தால், இந்திய மொழியில் தட்டச்சு செய்யும் பணி அந்த மூன்று மேசைகளுக்கு மட்டுமே உரியதாகிவிடும். எழுத்து அங்கே இயந்திரத்தின் பண்பாக இராமல் ஒரு துணைக்கருவியாக இருந்தது.

1991இல் வெளியான யூனிகோட் தரத்தின் முதற்பதிப்பு, இந்திய எழுத்துகளுக்கான இட அமைப்பை இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்திலிருந்து பெற்றது. பின்வந்த ஆண்டுகளில் எழுத்தைக் காட்டும் பொறுப்பு அட்டையிலிருந்து இயக்கமுறைமைக்கு நகர்ந்தது. ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 1983இல் கடந்த வாயிலை இந்திய எழுத்துகள் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே கடந்தன. செருகுவாய் எண்கள் ஆப்பிள் 2சியில் தங்கியதுபோல, அட்டைக் காலத்தின் குறிமுறை ஒழுங்கு யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் இன்றும் தங்கியிருக்கிறது. தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளுக்குரிய இடங்கள் அப்பகுதியில் வெறுமையாக விடப்பட்டிருப்பது, எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே அட்டவணையில் அமைத்த அந்த ஒழுங்கின் தடம்.

இந்திய மொழிக் கணிமையின் வரலாறு பொதுவாக எழுத்துருக்கள், குறிமுறைகள், விசைப்பலகை அமைப்புகள் ஆகியவற்றின் வரலாறாக எழுதப்படுகிறது. அவற்றோடு வன்பொருளில் கிடைத்த இடத்தின் வரலாறும் சேர்க்கப்பட வேண்டும். எந்த ஆண்டில் எந்த எழுத்து செருகுவாயில் இருந்தது, எந்த ஆண்டில் தாய்ப்பலகைக்கோ இயக்கமுறைமைக்கோ வந்தது, இடைப்பட்ட ஆண்டுகளில் யாரெல்லாம் அந்த அட்டை இல்லாமல் எழுத முடியாது நின்றனர் என்பவை ஆய்வுக்குரிய கேள்விகள். பழைய கணினியைத் திறந்து எந்தச் செருகுவாயில் எது இருக்கிறது என்று பார்ப்பது அந்த ஆய்வின் முதற்படியாக அமையலாம்.